மொட்டை மாடியில் ஒரு வாத்துப் பீப்பீ

வட சென்னையில் வாத்து வேட்டைக்காரர் என்று யாரும் கிடையாது. இருந்தால் உள்ளே போயிருப்பார். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். கொல்வதும் பிடிப்பதும் போக, விரட்டுவது, இரை காட்டி இழுப்பது, அதற்கெல்லாம் முயற்சி செய்வது வரை அதற்குள் வந்துவிடும். அப்படியிருக்க, காட்டு வாத்தை ஏமாற்றிக் கூப்பிடுவதற்கென்றே அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த ஒரு கருவியை, தண்டையார்பேட்டையில் ஒருவன் மொட்டை மாடியில் உட்கார்ந்து கடைந்துகொண்டிருந்தால் பார்ப்பவர்கள் கேட்கத்தானே செய்வார்கள்.

எதிர் வீட்டு அக்கா துணி காயப்போட வந்தபோது கேட்டார். "இன்னா தம்பி, பீப்பீயா?"

ஆமாம் என்றேன். பேச்சு முடிந்தது. உண்மையும் அதுதான். திருவிழாக் கடையில் வாங்கி ஊதி வீட்டாரின் உயிரை வாங்குவோமே, அந்தப் பீப்பீயின் உறவுக்காரன் இது. அமெரிக்காவில் 'டக் கால்' என்பார்கள். நான் அக்கா வைத்த பெயரையே வைத்துக்கொண்டேன்.

கைக்குள் அடங்கும் சாமான். மூன்று, மூன்றரை அங்குல நீளத்தில் ஒரு மரக்குழல். அதன் ஒரு முனையில் இறுக்கமாகச் செருகிய இன்னொரு மரத்துண்டு. முதலாவதை பேரல் என்றும் இரண்டாவதை இன்செர்ட் என்றும் சொல்கிறார்கள். குழலுக்குள் போகும் பக்கம் இன்செர்ட்டைப் பாதியாகச் சீவியிருக்கும். சீவிய தளத்தின் நடுவில் நீளவாக்கில் ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் நாக்கு படுத்திருக்கும். நாக்கின் அடிப்பாகத்தை ஒரு கார்க் ஆப்பு அழுத்திப் பிடித்திருக்க, நுனி மட்டும் சுதந்திரமாக நிற்கும். ஊதினால் காற்று நாக்கின் நுனியை வளைத்து வாய்க்காலை மூடும். நாக்கு தன் விறைப்பால் திரும்ப எழும். மறுபடி மூடும். நொடிக்குச் சில நூறு தடவை இது நடக்கிறது. அந்தத் துடிப்பைத்தான் நம் காது 'க்வாக்' என்று கேட்கிறது. நாதஸ்வரச் சீவாளியில் நாணலின் இரண்டு இதழ்கள் ஒன்றோடொன்று துடிக்கும்; கிளாரினெட்டில் ஒரே நாக்கு ஒரு தளத்தின் மேல் துடிக்கும். வாத்துப் பீப்பீ கிளாரினெட் சாதி.

நாக்கு படுக்கிற அந்தத் தளத்துக்கு டோன் போர்டு என்று பெயர். என்னைக் கேட்டால் கருவி முழுவதும் அதுதான். மீதி எல்லாம் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு அழகான கைப்பிடி. யூடியூபில் பார்த்தால் லேத்தில் சுருள் சுருளாகச் சீவல் பறக்கிற காட்சியைத்தான் மெதுவோட்டத்தில் காட்டுவார்கள். பளபளவென்று பாலிஷ் ஏறுவதைக் காட்டுவார்கள். டோன் போர்டுக்கு வரும்போது ஒரு ஜிக்கில், அதாவது அளவுச் சட்டத்தில், வைத்து சர்ரென்று அறுத்துவிட்டு, அடுத்த காட்சியில் ஊதிக் காட்டிவிடுவார்கள். நடுவில் அரத்தோடு மல்லுக்கு நின்ற பொழுதெல்லாம் வெட்டில் போய்விடும்.

இந்த ஊரில் இதைச் செய்வதில் ஒரு சுகம் உண்டு. தேவையான எதுவும் அதன் பெயரில் கிடைக்காது. எல்லாமே வேறு தொழிலின் கடையில் கிடைக்கும். நாக்குக்கு வேண்டியது மைலார் என்கிற பாலியெஸ்டர் தகடு. அமெரிக்காவில் ஆயிரத்தில் பத்து அங்குலம், பதினான்கு அங்குலம் என்று கனம் சொல்லி விற்கிறார்கள். நம் கணக்கில் சுமார் 250, 350 மைக்ரான். மோட்டார் காயில் கட்டுகிற கடைக்குப் போனால், ஸ்லாட்டுக்குள் காப்பாக வைக்க இதே தகட்டை வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் ஒரு பாய் கடையில் துண்டு வெட்டிக் கொடுப்பார். "என்ன ஹெச்.பி. மோட்டார்?" என்று அவர் கேட்டதற்கு நான் சொன்ன பதிலை இன்றுவரை நம்பவில்லை. பழைய எக்ஸ்-ரே ஃபிலிமை வெட்டிப் போடலாம் என்று யாராவது சொன்னால் போடலாம், சத்தமும் வரும். ஆனால் அது மெலிசு. கொஞ்சம் வேகமாக ஊதினாலே வளைந்து ஒட்டிக்கொண்டு கீச்சிடும். கார்க் ஆப்புக்கு கிழிந்துபோன ஷட்டில்காக்கின் தலை போதும். குழலும் இன்செர்ட்டும் கவ்விக்கொள்ள வேண்டிய ரப்பர் ஓ-ரிங்கை பிளம்பிங் கடையில் குழாய்க்கென்று விற்கிறார்கள்.

மரம்தான் பெரிய கதை.

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், மண்ணடிப் பக்கம் பழைய வீடு ஒன்றை இடிக்கிறார்கள் என்றால் எனக்குக் கால் தரிக்காது. மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், நெருக்கமாகப் போட்ட தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் மூலைமட்டமாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து போட்டுத் தளம் எழுப்பியிருப்பார்கள். அந்தக் கட்டைகள் பெரும்பாலும் பர்மா தேக்கு. முழுக் கட்டைக்கு வியாபாரிகள் போட்டி போடுவார்கள். முனையில் செல் அரித்த துண்டு, ஆணி பாய்ந்த துண்டு, முழ நீளத் துண்டு யாருக்கும் வேண்டாம். எனக்கு ஒரு சாண் இருந்தால் ஒரு பீப்பீ. வெளியே கரியும் சுண்ணாம்புமாக இருக்கும் கட்டையை அறுத்தால் உள்ளே எண்ணெய்ப் பசையோடு தேன் நிறம். தச்சுப் பட்டறை வாசனை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது இந்த வாசனையைத்தான். அறுப்பதற்கு முன் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கட்டையின் மேல் நான்கு பக்கமும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். தலை துருப்பிடித்து உதிர்ந்துபோன ஆணி உள்ளே படுத்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. உளி அதில் பட்டால் உளி போச்சு. லேத் சுற்றுகிற வேகத்தில் பட்டால் உளி மட்டும் போகாது.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் செய்கிறவர்கள் ஆச்சா மரத்தை இப்படித்தான் பழைய வீடுகளிலிருந்து எடுக்கிறார்கள். பல பத்தாண்டு காய்ந்த மரமாக இருந்தால்தான் வளையாது, வெடிக்காது. அந்த நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் எங்கே, நான் எங்கே. இருந்தாலும் இடிபாட்டு மரத்தின் அருமை எங்கள் இரு தரப்புக்கும் ஒன்றுதான்.

அமெரிக்காவின் அர்க்கன்சா மாநிலத்தில் இன்செர்ட்டுக்கு அவர்கள் உயிராக மதிக்கும் மரம் ஒசேஜ் ஆரஞ்சு. பெயரில்தான் ஆரஞ்சு. தாவரவியலில் அது முசுக்கட்டைக் குடும்பம். நம் பலாவும் அதே குடும்பம். இரண்டுக்கும் வைரம் மஞ்சள். வெயிலும் வருஷமும் பட்டால் இரண்டும் பழுப்பாகும். இது தெரிந்த நாள் முதல் நான் பலாவுக்கு மாறிவிட்டேன். மிருதங்கக் கட்டைக்கும் வீணைக் குடத்துக்கும் போகிற மரம், இந்தப் பொடியனுக்கு ஆகாதா? இழை சில இடத்தில் எதிர்த்துக்கொண்டு நிற்கும், சாணை பிடித்த உளியாக இருந்தால் பணிந்துவிடும். சாணை விஷயத்தில் எனக்கு வாத்தியார் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் தச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். "உளி மழுங்கினா நம்ம கோவம் மரத்து மேல போவும் தம்பி. மரம் இன்னா பண்ணும்?" என்பார். இப்போதும் உளியைக் கட்டை விரல் நகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வழுக்கினால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவர்களுடைய இன்னொரு மோகம் கோகோபோலோ. அது டால்பெர்ஜியா இனம், நம் ஈட்டி மரத்தின் உடன்பிறப்பு. 2017 முதல் அந்தப் பேரினம் முழுக்கவே சைட்டிஸ் என்கிற, அரிய உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. ஈட்டி வேண்டுமென்றால் உடைந்த பழைய நாற்காலிக் காலைத் தேடலாம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். செம்மரம் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள். வாயில் வைக்கிற பொருள் என்பதால் இன்னொரு எச்சரிக்கை: எட்டி, அரளி, பிச்சாவரம் பக்கம் வளருகிற தில்லை, இந்த மூன்றும் கனவிலும் வேண்டாம். மூன்றும் விஷம். தில்லையின் பால் கண்ணில் பட்டால் கண்ணே போகும்.

கருங்காலிக்கு இப்போது ஊரில் இருக்கும் மவுசு உங்களுக்குத் தெரியும். லேத்தில் கறுப்பாக ஏதாவது சுற்றினாலே போதும், மாடிப் படியேறி வருகிறவர்கள் "மாலைக்கு மணியா சார்? எங்களுக்கும் ஒண்ணு கட்டிக் குடுங்க, பணம் தர்றோம்" என்கிறார்கள். கடைகளில் தொங்குவதெல்லாம் அசலா என்று நான் விசாரிக்கப் போவதில்லை. மணி கடைந்து விற்றால் லேத்துக்குப் போட்ட முதல் சீக்கிரம் திரும்பிவிடும் என்பது மட்டும் எனக்கும் தெரியும், என் வீட்டம்மாவுக்கும் தெரியும்.

எந்த மரம் எந்தச் சத்தம் தரும் என்று அமெரிக்கர்கள் ஓயாமல் சண்டை போடுவார்கள். கெட்டி மரம் கூர்மை, லேசான மரம் மென்மை என்று ஒரு கட்சி. எனக்கு இதில் பாதிதான் நம்பிக்கை. உள்துளையை எவ்வளவு வழவழப்பாக விட்டோம் என்பதில் சத்தம் மாறுகிறது. டோன் போர்டில் ஒரு முடி அளவு மாறினால் பிறந்த சத்தமே வேறு. மரத்தின் பங்கு அதற்கெல்லாம் பின்னால், கடைசிப் பந்தியில். நாதஸ்வரக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்; அது மூன்றடி அளவுக்கு அதிரும் குழல், இது கட்டை விரலைவிடக் கொஞ்சம் பெரியது.

கடைசலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் துளை, பிறகுதான் உருவம். குழலுக்கு 16 மில்லிமீட்டர் துளையை லேத்திலேயே வைத்துப் போட்டுவிட்டு, துளையை மையமாகக் கொண்டு வெளியே கடைய வேண்டும். மாற்றிச் செய்தால் சுவர் ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிசு. மேல்பூச்சுக்கு நான் அரக்குத்தான். அம்பாசமுத்திரத்து சொப்பு சாமான் பார்த்திருப்பீர்கள். சுற்றும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உரசுகிற சூட்டில் அரக்கு உருகிப் படியும். ஓலையால் தேய்த்தால் மினுக்கு வந்துவிடும். குழந்தை வாயில் வைத்துக் கடிக்கும் சாமானுக்கே அது போதுமென்றால் எனக்கும் போதும்.

இனி டோன் போர்டு.

இன்செர்ட்டின் நடுவில் கால் அங்குலத் துளை போட்டு, குழலுக்குள் போகும் தண்டை நீளவாக்கில் பாதியாக அறுத்தால் துளை வாய்க்காலாகத் திறந்துகொள்ளும். அறுத்த முகம் சமதளமாக இருக்கும். சமதளத்தில் நாக்கு பேசாது, படுத்தபடியே கிடக்கும். கார்க் இருக்கும் இடத்திலிருந்து நுனியை நோக்கி அந்த முகம் மெல்லக் கீழிறங்க வேண்டும். கண்ணால் பார்த்தால் தெரியாத அளவு வளைவு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மேலே ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்தால்தான் அடியில் சந்து தெரியும். அரத்தை ஒரே திசையில், முழு நீளத்துக்கும், கை எடையை மட்டும் வைத்து ஓட்ட வேண்டும். பென்சிலால் முகம் முழுக்கக் கிறுக்கிவிட்டு ஒரு ஓட்டு ஓட்டினால், கரி போன இடம் மேடு, மிஞ்சிய இடம் பள்ளம். வாய்க்காலின் இரண்டு கரையும் ஒரே உயரமாக இருப்பது முக்கியம். ஒரு கரை தாழ்ந்தால் நாக்கு கோணலாக இறங்கும், காற்று அந்தப் பக்கமாக ஓடிவிடும், சத்தத்தில் ஒரு சீறல் சேரும்.

வளைவு போதவில்லை என்றால் நாக்கு ஒட்டிக்கொண்டு கீச்சிடும். அதிகமாகிவிட்டால் ஊதி ஊதி மூச்சுதான் வாங்கும், சத்தம் கரகரப்பாக எங்கிருந்தோ வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அதை நெருங்கும்போது முதலில் உதடு சொல்லும், காது அப்புறம். ஊதும் காற்றுக்கு எதிராக ஒரு லேசான தள்ளல் வரும். அது வந்துவிட்டால் அரத்தைக் கீழே வைத்துவிட வேண்டும். இன்னும் ஒரே ஒரு ஓட்டு என்று கை பரபரக்கும். அந்த ஒரு ஓட்டில் எத்தனை நல்ல இன்செர்ட் உலகத்தில் விறகாகியிருக்கும் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

அதன் பிறகு நாக்கு. இரண்டேகால் அங்குல நீளம், முக்கால் விரல் அகலம். நீளத்தைக் குறைத்தால் சுருதி ஏறும், ஆகவே நீளமாக வைத்து ஆரம்பித்து நுனியைத் துளித்துளியாகக் கத்தரிக்க வேண்டும். கத்தரித்ததை ஒட்டவைக்க முடியாது, புதுசு போட வேண்டியதுதான். நுனியின் இரண்டு மூலையையும் சாய்வாக வெட்டிவிட்டால் பேச்சு சீக்கிரம் தொடங்கும். நாக்கின் அடியில் ஊசியால் இரண்டு கோடு கீறினால் எச்சில் பட்டு ஒட்டிக்கொள்வது குறையும்.

எச்சில் என்றதும் எங்கள் ஊர்க் காற்றையும் சொல்ல வேண்டும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிறோம். ஐப்பசி மழையில் கதவே சட்டத்துக்குள் அடங்காது, டோன் போர்டு மட்டும் எப்படிச் சும்மா இருக்கும்? ஈரம் பட்டால் மர இழை நிமிரும். அரம் பிடித்து எடுத்த வளைவில் மயிர்மயிராகக் கிளம்பும். வேண்டுமென்றே ஒரு முறை தண்ணீர் தொட்டு இழையை எழுப்பி, காயவிட்டு, நைசான உப்புத்தாளால் நீவி, மேலே ஃபெவிகுவிக்கை மெல்லிசாக ஓடவிட்டு இறுக வைக்கலாம். இதனால்தான் அங்கே பல பேர் குழலை மட்டும் மரத்தில் கடைந்து, இன்செர்ட்டை அக்ரிலிக்கில் செய்கிறார்கள்.

இந்தப் பிரச்சினையை நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் தாண்டிவிட்டார். இல்லினாய் மாநிலம் பெக்கினில் பிலிப் ஓல்ட் என்பவர் 1904-இல் தொழில் தொடங்கி, கெட்டி ரப்பரில் வாத்துப் பீப்பீ செய்தார். அவருடைய டி-2 மாடல் அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு இருந்த சாமான். கெட்டி ரப்பர் என்றால் எபோனைட். கிளாரினெட்டின் வாய்ப்பகுதிக்குப் போடுவது. நம் திருவள்ளூரில் கையால் கடையும் ஃபவுண்டன் பேனாக்கள் அதே எபோனைட்தான். மழை, எச்சில், சேறு எதற்கும் அது அசையாது. கடையும்போது மட்டும் கந்தக நாற்றம் வரும்.

அர்க்கன்சாவில் ஸ்டட்கார்ட் என்று ஒரு ஊர். நெல் விளையும் பூமி. உலகத்தின் அரிசிக்கும் வாத்துக்கும் தலைநகர் என்று தங்களுக்குத் தாங்களே பட்டம் சூட்டிக்கொண்டவர்கள். அறுவடை முடிந்து தண்ணீர் நிற்கும் வயலில் சிந்திய நெல்லுக்காக மல்லார்ட் வாத்துகள் வந்து இறங்கும். அங்கே 1936 முதல் வாத்துக் கூப்பிடும் போட்டி நடக்கிறது. முதல் வருஷப் பரிசு 6.60 டாலர் மதிப்புள்ள ஒரு வேட்டைக் கோட்டு. அதற்கு முந்தைய வருஷம், 1935-இல், உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்துக் காட்டு வாத்தை வரவழைப்பதை அந்த நாட்டு அரசு தடை செய்திருந்தது. கூண்டுக் கௌதாரியைக் கூவவிட்டுக் காட்டுக் கௌதாரியைப் பிடிக்கும் நம் ஊர்ப் பழைய வேலையும் இதே தந்திரம்தான். தடைக்கு அப்புறம் வேட்டைக்காரனுக்கு மிஞ்சியது மரப்பொம்மையும் பீப்பீயும். 1955, 1956 இரண்டு வருஷமும் அந்தப் போட்டியில் உலகப் பட்டத்தை ஜெயித்தவர் பாட் பீகாக் என்ற பெண். ஆண்களோடு மோதி அந்தப் பட்டத்தை வாங்கிய ஒரே பெண் இன்றுவரை அவர்தான்.

ஊதுவதற்கும் ஒரு பக்குவம் உண்டு. கன்னத்தை உப்பி ஊதினால் வெறும் பீப்பீதான். அடிவயிற்றிலிருந்து காற்றை எடுத்து, குளிர்ந்த கண்ணாடியில் ஆவி விடும் காற்றாக, ஒரு சொல்லைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு விட வேண்டும். அவர்கள் 'ஹட்' என்று சொல்லச் சொல்லுவார்கள். பெட்டை மல்லார்டின் அடையாளக் குரல் உரக்கத் தொடங்கி வரிசையாக இறங்கும் சில க்வாக்குகள். மேயும்போது எழுப்பும் கலகலப்புக்கு 'டிக்கா டிக்கா' என்று நாக்கைப் புரட்டச் சொல்லி அங்கே மாதக்கணக்கில் பழக்குகிறார்கள். மாடிக்கு வரும் பக்கத்து வீட்டுப் பையன் மிருதங்கம் கற்றுக்கொள்கிறான். அவனிடம் "தகிட தகிட சொல்லிக்கிட்டே ஊது" என்றேன். கையில் வாங்கியதும் வந்துவிட்டது. இந்த விஷயத்தில் நமக்கு ஒரு தலைமுறை சொத்து இருக்கிறது.

அக்கம்பக்கத்துத் தொந்தரவு என்று பெரிதாக இல்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கிற ஊரில் ஒரு வாத்து எடுபடாது. காக்கைகள் மட்டும் ஆரம்பத்தில் கூட்டம் கூட்டின. பிறகு இவன் இப்படித்தான் என்று விட்டுவிட்டன. வீட்டுக்குள்ளிருந்துதான் குரல் வரும். "ஏங்க, அந்த வாத்தக் கொஞ்சம் நிறுத்துங்க, டிவி கேக்கல."

பழவேற்காட்டுக்கு இதை எடுத்துப் போவதில்லை. அங்கே குளிர்காலத்தில் கிளுவையும் ஊசிவால் வாத்தும் எவ்வளவோ தூரம் பறந்து வந்து இரை தேடிக்கொண்டிருக்கும். கூப்பிட்டு அலைக்கழித்து அவற்றின் தெம்பை நம் வேடிக்கைக்குச் செலவழிப்பது நியாயமில்லை. சட்டமும் நம் பக்கம் நிற்காது. தவிர இந்தப் பீப்பீ எல்லா வாத்துக்கும் பாஷை பேசாது. சிறகி சீழ்க்கை அடிக்கும், க்வாக் சொல்லவே சொல்லாது. கிளுவையில் கார்கனி என்ற வகையின் ஆண் போடுவது சீப்புப் பல்லில் நகத்தை ஓட்டினாற்போல ஒரு சத்தம். ஏரிகளில் வருஷம் முழுக்கக் காணும் புள்ளிமூக்கு வாத்து மட்டும் மல்லார்டுக்கு நெருங்கிய உறவு. அதன் பெட்டை குரலும் ஏறக்குறைய அதேதான். பைனாகுலரோடு போய்க் காதைத் தீட்டிக்கொண்டு வருவதோடு சரி. ஒத்திகை பார்ப்பதெல்லாம் வேறு வாத்துகளிடம்.

வேறு வாத்துகள் என்றால் வீட்டு வாத்து. மணிலா வாத்தைத் தவிர உலகத்தின் வளர்ப்பு வாத்துகள் எல்லாம் மல்லார்டின் வாரிசு. ஆக, அர்க்கன்சா நெல்வயலுக்கென்று சுருதி சேர்த்த கருவி நம் ஊர்த் தாரா வாத்துக்குத் தாய்மொழி. கும்மிடிப்பூண்டி லைனில் எண்ணூர், அத்திப்பட்டு தாண்டினால் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் வயல். அறுப்பு முடிந்த பருவத்தில் அங்கே வாத்து மேய்ப்பவர்கள் கூட்டம் கூட்டமாக ஓட்டி வருவார்கள். சிந்திய நெல், நத்தை, பூச்சி எல்லாம் வாத்துக்கு, எச்சம் வயலுக்கு. ராத்திரிக்கு வரப்போரமாக வலையைக் கட்டிப் பட்டி. விடிந்தால் பட்டிக்குள் முட்டை.

அப்படி ஒரு பெரியவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் ஊதினேன். நுனியில் கிழிந்த பிளாஸ்டிக் கவர் கட்டிய நீள மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு, "ஊதுங்க சார், பாப்போம்" என்றார். முழு வரிசையும் ஊதினேன். சேற்றில் அலகை விட்டு அளைந்துகொண்டிருந்த கூட்டம் அப்படியே கழுத்தை நிமிர்த்தியது. ஒரு ஓரத்திலிருந்து சில பெட்டைகள் பதில் கொடுத்தன.

பெரியவர் முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பரீட்சை பேப்பர் திருத்துகிற தோரணைதான்.

"பொட்டை சத்தம் சரியா கீது. ஆணு இப்டி கத்தாது, அதுக்குத் தொண்டை கட்டுன மாரிதான் வரும். ஆனா நீங்க அதட்றீங்க. இப்டி கத்துனா நாய் வந்துட்ச்சுன்னு நெனைக்கும்."

மெதுவாக, குழலின் பின்வாயைக் கையால் பொத்தி ஊதிக் காட்டினேன்.

"ஆங். இது கூட்டத்த வுட்டுப் போனது கத்துற மாரி. இது போதும்."

பிறகு சாரிலிருந்து தம்பிக்கு இறங்கினார். ஆரணி, சன்யாசி, கீரி என்று தன் கூட்டத்தில் எது எந்த வகை என்று கழியால் காட்டினார். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரக்குப் பளபளப்பை நகத்தால் சுரண்டினார். ஊதினார். முதல் தடவையே பேசியது. நாள் முழுக்கத் தொண்டையாலேயே வாத்தை ஓட்டுகிறவருக்கு அடிவயிற்றுக் காற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவருடைய கஷ்டம் சாயங்காலத்தில்தான். கூட்டம் இரண்டு வரப்புக்கு நடுவில் பிரிந்துவிடும். கடல் காற்று எதிரே அடிக்கும். கத்திக் கத்தி ராத்திரிக்குப் பேச்சே வராது. "பொண்ணு போன்ல பேசுனா 'யாருப்பா அது'ன்னு கேக்குது தம்பி" என்றார். அவருக்கு வேண்டியதை வரிசையாகச் சொன்னார். கழுத்தில் மாட்டக் கயிறு கட்ட ஒரு காடி வேண்டும். சேற்றில் விழுந்தால் கழற்றிக் கழுவ வேண்டும். பளபளப்பு வேண்டாம், வழுக்கும். சத்தம் அடித்தொண்டையில் வர வேண்டும், ஆனால் காற்றைத் தாண்டிப் போக வேண்டும்.

கடைசி இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கிற நிபந்தனை. 350 மைக்ரான் தகட்டில் நாக்கைக் கொஞ்சம் நீளமாக விட்டு, வாய்க்காலை ஒரு நூல் அகலப்படுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஊத அதிகக் காற்று கேட்கும். அவரிடம் அது இருக்கிறது. குழல் பலா, நடுவில் ஒரு காடி, மேலே வெறும் எண்ணெய். இன்செர்ட் மரமே வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ஓல்ட் காட்டிய வழியில், பேனா கடைய விற்கும் எபோனைட் கம்பியில் ஒரு துண்டு வாங்கி வைத்திருக்கிறேன். மாடியில் இப்போது கந்தக வாசனை. எதிர் வீட்டு அக்கா கேஸ் லீக் ஆகிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

விலை என்ன என்று பெரியவர் கேட்டிருந்தார். காசு வேண்டாம், முட்டையாகக் கொடுங்கள் என்றேன். ஒரு தட்டு என்கிறார் அவர். கயிறு என் செலவு என்பதால் இரண்டு என்கிறேன் நான். "மொதல்ல என் வாத்து திரும்பட்டும், அப்பால பேசிக்கலாம்" என்று நிறுத்திவைத்திருக்கிறார்.